பின்பெட்டியில் மணல் மூடை எதற்கு? பனிக்கால வீதியில் நிறையும் பிடிப்பும்

எமது ஊர்களில் பனி என்றால் மார்கழி, தை மாத விடியலில் புல்நுனியில் நிற்கும் ஈரம்தான். வெயில் ஏறியதும் அது போய்விடும். வாகனம் ஓட்டுபவருக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. ஆனால் எமது பிள்ளைகளில் பலர் இன்று வாழும் கனடாவிலும், ஐக்கிய அமெரிக்காவின் வடமாநிலங்களிலும் பனி என்பது வேறு பொருள். அங்கே அது வீதியை மூடிக்கொண்டு வாரக்கணக்கில் கிடக்கும். சில்லுகளின் கீழ் அழுந்தி இறுகும். பகலில் சற்று உருகி இரவில் மீண்டும் உறைந்து கண்ணாடி போலாகும். அத்தகைய வீதியில் வெறும் பிக்கப் வாகனத்தை ஓட்டுவோர், அதன் பின்பெட்டியில் மணல் மூடைகளை அடுக்கி வைப்பது நெடுங்கால வழக்கம்.

இதைப் பற்றி எழுதும்படி எம்மைத் தூண்டியது ஒரு சம்பவம். எமது வாசகர் ஒருவரின் மகன் ஒன்ராறியோ மாகாணத்தில் மரக்கறிப் பண்ணை ஒன்றில் வேலை செய்கிறார். ஊரில் உழவு இயந்திரமும் லொறியும் ஓட்டிப் பழகியவர். முதற் பனிக்காலத்தில் பண்ணைப் பிக்கப்பின் பின்சில்லுகள் ஏற்றத்தில் வெறுமனே சுழன்றன. “பாரம் ஏற்று, பிடிக்கும்” என்று யாரோ சொன்னார்கள். அவர் பத்துச் சீமெந்துக் கற்களைப் பின்கதவை ஒட்டி அடுக்கினார். வாகனம் ஏற்றத்தில் நன்றாகவே ஏறியது. மறுபக்க இறக்கத்தில் வளைவு வந்தபோது, அவர் திருப்பிய பக்கத்துக்கு வாகனம் திரும்பவில்லை. நேரே சென்று கானுக்குள் இறங்கியது. கற்களில் ஒன்று முன்னே பாய்ந்து சாரதி அறையின் பின்கண்ணாடியை உடைத்தது. அது தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சென்றதால் அவர் இன்று உயிரோடு இருக்கிறார்.

அவருக்குச் சொல்லப்பட்ட ஆலோசனை பொய்யன்று. அது பாதி உண்மை. மற்றப் பாதியையும் சேர்த்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிடிப்பு என்பது என்ன?

வாகனத்தை முன்னே தள்ளுவது எஞ்சின் என்று நாம் சொல்கிறோம். எஞ்சின் சில்லைச் சுழற்றுகிறது, அவ்வளவே. சுழலும் சில்லு வீதியைப் பின்னோக்கித் தள்ள, வீதி அதனை முன்னோக்கித் தள்ளுகிறது. இந்தத் தள்ளல் நடைபெறுவது ரயருக்கும் வீதிக்கும் இடையிலுள்ள உராய்வினால். உராய்வு இல்லையேல் எத்தனை குதிரைவலு இருந்தும் பயனில்லை. திரும்புவதற்கும் நிற்பதற்கும் இதே உராய்வுதான் வேண்டும்.

உராய்வு இரண்டு விடயங்களில் தங்கியுள்ளது. ஒன்று, சில்லின் மீது அழுத்தும் நிறை. மற்றது, ஒன்றையொன்று தொடும் இரு பரப்புகளின் தன்மை. இத்தன்மையை உராய்வுக் குணகம் என்ற எண்ணால் குறிப்பது பாடசாலையில் படித்த பாடம். காய்ந்த தார் வீதியில் அது ஏறக்குறைய 0.7 அல்லது 0.8. அழுந்திய பனியில் 0.2 அளவுக்கு இறங்கும். பனிக்கட்டியில் 0.1 ஆகவோ அதிலும் குறைவாகவோ இருக்கும். அதாவது, காய்ந்த வீதியில் ஒரு சில்லுக்குக் கிடைக்கும் பிடிப்பில் ஏழில் ஒரு பங்குகூடப் பனிக்கட்டியில் கிடைக்காமற் போகலாம்.

கடுங்குளிரில்தான் வழுக்கல் மிகும் என்று நாம் எண்ணுவோம். உண்மை அதற்கு மாறானது. பனிக்கட்டியின் மேற்பரப்பில் நீர் போன்ற மிக மெல்லிய படை ஒன்று உண்டு. குளிர் கூடும்போது இப்படை மெலிகிறது. பூச்சியப் பாகை செல்சியசுக்கு அண்மையில் அது தடிக்கிறது. ஆகவே சற்றே உருகத் தொடங்கிய பனிக்கட்டிதான் மிகவும் வழுக்கும். “இன்று குளிர் குறைவு, பயமில்லை” என்று புதிதாகச் சென்றவர்கள் நினைப்பது தவறு.

வெறும் பிக்கப் ஏன் வழுக்குகிறது?

பிக்கப் வாகனம் பாரம் ஏற்றுவதற்கென அமைக்கப்பட்டது. எஞ்சினும் சாரதி அறையும் முன்னே உள்ளன. பின்னே இருப்பது வெறும் பெட்டி. எனவே பாரம் இல்லாத வேளையில் நிறையின் பெரும்பங்கு முன்சில்லுகளின் மீதே இருக்கும். ஆனால் இருசில்லு இயக்கப் பிக்கப்புகளில் எஞ்சினின் வலு வழக்கமாகப் பின்சில்லுகளுக்கே செல்கிறது. தள்ள வேண்டிய சில்லுகளில் நிறை குறைவு; நிறை உள்ள சில்லுகளோ தள்ளுவதில்லை. வெறும் பிக்கப்பின் குறை இதுவே.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 2,000 கிலோகிராம் வாகனம் ஒன்று. முன்சில்லுகளில் 1,160, பின்சில்லுகளில் 840 என்று கொள்வோம். உராய்வுக் குணகம் 0.2. பின்சில்லுகள் தரக்கூடிய தள்ளல் 840இன் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 168 கிலோகிராம் நிறைக்குச் சமனான விசை. 2,000 கிலோகிராம் வாகனத்தை இவ்விசை எவ்வளவு சரிவில் ஏற்றும்? 100 மீற்றருக்கு ஏறக்குறைய 8.4 மீற்றர் உயரும் சரிவில் ஏற்றும். அதற்கு மேல் சில்லு சுழலும், வாகனம் நகராது.

இப்போது 150 கிலோகிராம் மணலைச் சரியாகப் பின்அச்சுக்கு மேல் வைக்கிறோம். பின்சில்லுகளின் நிறை 990 ஆகிறது. தள்ளல் 198 ஆக உயர்கிறது. ஆனால் ஏற்ற வேண்டிய வாகனமும் 2,150 கிலோகிராம் ஆகிவிட்டது. ஆகவே ஏறக்கூடிய சரிவு 100 மீற்றருக்கு 9.2 மீற்றர். முன்னேற்றம் உண்டு. ஆனால் அது சிறியது. நிறை ஏற்றியதும் வழுக்கல் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவதற்கு இக்கணக்கில் இடமில்லை.

எங்கே வைப்பது?

அந்த இளைஞர் கற்களைப் பின்கதவோரம் அடுக்கினார். அது பின்அச்சுக்கு ஒரு மீற்றர் பின்னே என்று கொள்வோம். முன்அச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே 3.2 மீற்றர். சிறுவர் விளையாடும் ஏறுபலகையை நினைத்துக்கொள்ளுங்கள். பின்அச்சு அதன் நடுத்தாங்கி. அதற்குப் பின்னே நிறையை வைத்தால் முன்பக்கம் எழும்ப முயலும். 150 கிலோகிராமை அவ்விடத்தில் வைத்தால் பின்சில்லுகளுக்கு 197 கிலோகிராம் கூடும். முன்சில்லுகள் 47 கிலோகிராமை இழக்கும்.

இதனால்தான் அவருடைய வாகனம் ஏற்றத்தில் நன்றாக ஏறியது. பின்சில்லுகளில் அதிக நிறை இருந்தது. ஆனால் வாகனத்தைத் திருப்புவது முன்சில்லுகள் அல்லவா? அவற்றின் நிறை குறைந்தது. திருப்ப வேண்டிய மொத்த நிறையோ 150 கிலோகிராமால் கூடியது. மேலும், வாலில் ஏற்றிய பாரம் ஒரு முறை பக்கவாட்டில் அசைந்தால் இலகுவில் அடங்காது. கயிற்றில் கட்டிய கல்லைப் போல் வாகனத்தின் பின்புறத்தைச் சுழற்றப் பார்க்கும். காய்ந்த வீதியில் இவ்வேறுபாடு தெரியாமலே போகலாம். பிடிப்பு ஏற்கெனவே அருகிப்போன பனிவீதியில் இருந்த கொஞ்சத்தையும் அது எடுத்துக்கொள்கிறது.

எனவே விதி இதுதான்: பாரத்தைப் பின்அச்சுக்கு நேர் மேலே, அல்லது அதற்குச் சற்று முன்னே வைக்க வேண்டும். பின்கதவை ஒட்டி ஒருபோதும் வைக்கலாகாது. சாரதி அறையை ஒட்டி முழுவதையும் தள்ளிவைத்தாலும் பயன் குறையும். அச்சுக்கு ஒரு மீற்றர் முன்னே வைத்தால் 150 கிலோகிராமில் 103 மாத்திரமே பின்சில்லுகளுக்குச் சேரும், மீதி முன்சில்லுகளுக்குப் போகும். இரு பக்கமும் சமமாக இருக்கும்படி அடுக்குவதும் அவசியம்.

எவ்வளவு? 90 முதல் 180 கிலோகிராம் வரை வைப்பதே அங்குள்ளோரின் பொதுவான பழக்கம். கூடக் கூட நல்லது என்பதில்லை. ஒவ்வொரு வாகனத்துக்கும் ஏற்றக்கூடிய பாரத்தின் எல்லை உண்டு. வட அமெரிக்க வாகனங்களில் அது சாரதியின் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் குறிக்கப்பட்டிருக்கும். ஆட்களின் நிறையும் அந்த எல்லைக்குள் அடங்கும். பனிக்காலம் முடிந்ததும் மூடைகளை இறக்கிவிட வேண்டும். வீணே சுமக்கும் ஒவ்வொரு 45 கிலோகிராமுக்கும் எரிபொருட் செலவு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று கூடலாம்.

நிறை நிற்க உதவுமா?

இங்கேதான் உயிராபத்து இருக்கிறது. ஆகவே இப்பகுதியை வாசகர்கள் கவனமாக வாசிக்க வேண்டுகிறோம்.

நான்கு சில்லுகளையும் தடுத்து நிற்கும்போது, நிறை கூடினால் உராய்வும் கூடுகிறது. ஆனால் நிறுத்த வேண்டிய பாரமும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். எனவே மூடை ஏற்றியதால் வாகனம் குறைந்த தூரத்தில் நின்றுவிடாது. பின்பக்கம் சற்று அழுந்தியிருப்பதால், பிரேக் பிடிக்கும்போது பின்சில்லுகள் முந்திப் பூட்டிக்கொண்டு வாகனம் சுழல்வது குறையும். அது ஒரு நன்மை. நிற்கும் தூரமோ வீதியையும் வேகத்தையும் பொறுத்தது.

மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வாகனம், பிரேக் பிடித்த இடத்திலிருந்து காய்ந்த வீதியில் ஏறக்குறைய 14 மீற்றரில் நிற்கும். உராய்வுக் குணகம் 0.2 உள்ள பனியில் 49 மீற்றர் வேண்டும். 0.1 உள்ள பனிக்கட்டியில் 98 மீற்றர். 100 மீற்றருக்கு 8 மீற்றர் இறங்கும் சரிவில், அதே 0.2 பனியில், 49 மீற்றர் 82 மீற்றர் ஆகிவிடும். சாரதி கண்டு காலை அழுத்தும் நேரத்தில் ஓடும் தூரம் இவற்றில் சேரவில்லை. வேகத்தைப் பாதியாக, மணிக்கு 25 கிலோமீற்றராகக் குறைத்தால் இத்தூரங்கள் எல்லாம் நான்கில் ஒன்றாகும். இதைச் செய்ய மணல் வேண்டாம், பணம் வேண்டாம்.

அந்த இளைஞர் பின்னர் சொன்னது எமது மனதில் நிற்கிறது. “ஏற்றத்தில் ஏறியதும் வாகனம் இனிச் சொல்வழி கேட்கும் என்று நினைத்துவிட்டேன்” என்றார். ஏறுவதற்குக் கிடைத்த பிடிப்பை நிற்பதற்கும் கிடைத்ததாக எண்ணி, காய்ந்த வீதியின் வேகத்தில் இறக்கத்தில் விட்டார். கற்கள் இருந்த இடம் அவரது தவறில் ஒரு பாதி. அவை தந்த தைரியம் மறுபாதி. நான்கு சில்லுகளும் இழுக்கும் வாகனத்துக்கும் இது பொருந்தும். அது புறப்படுவதற்கு உதவும். நிற்பதற்கு எல்லா வாகனங்களுக்கும் உள்ளவை அதே நான்கு சில்லுகளே.

எதை வைப்பது? எப்படிக் கட்டுவது?

மணல் மூடையே சிறந்தது. அதற்கு மூன்று காரணங்கள்:

1. அது மென்மையானது. வைத்த இடத்தில் படிந்து கிடக்கும், இலகுவில் உருளாது.

2. வாகனம் புதைந்துவிட்டால் மூடையை அவிழ்த்து மணலைச் சில்லின் முன் தூவலாம். உறைந்த வீதிக்கு மணல் சொரசொரப்பைத் தரும்.

3. விலை குறைவு. வட அமெரிக்கக் கடைகளில் நீண்ட குழாய் போன்ற பைகளில், 60 இறாத்தல், அதாவது 27 கிலோகிராம் அளவில், இதற்கெனவே விற்கிறார்கள். ஆறு பைகள் போதும்.

மணல் ஈரமின்றி இருக்க வேண்டும். ஈர மணல் உறைந்து கல்லாகிவிட்டால் தூவ முடியாது. வீதிக்குத் தூவும் உப்பையும் சிலர் வைப்பதுண்டு. உப்பு பனியை உருக்கும். ஆனால் குளிர் மிகும்போது அதன் வேலை மிகவும் மந்தமாகும். பூச்சியத்துக்குக் கீழ் 10 பாகை அளவில் அதை நம்பியிருக்க முடியாது. வாகனத்தின் இரும்பையும் அது அரிக்கும்.

பெட்டியில் விழுந்த பனியையே பாரமாக விட்டுவிடுவோரும் உண்டு. அது உருகும், உறையும், இடம் மாறும், பின்னே வருபவரின் கண்ணாடியில் பறந்து விழும். அதனை நம்புவது நல்லதன்று.

சீமெந்துக் கல், இரும்புத் துண்டு, பழைய எஞ்சின் பாகம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் வாகனம் எதனோடாவது மோதி அரை மீற்றர் தூரத்துக்குள் நின்றுவிட்டால், உள்ளிருக்கும் பொருள் தன் நிறையைப்போல் 20 மடங்கு விசையோடு முன்னே தள்ளப்படும். 15 கிலோகிராம் கல்லைத் தடுத்து நிறுத்த 300 கிலோகிராமுக்குச் சமனான விசை வேண்டும். கண்ணாடியால் அது முடியாது. மணல் மூடையாயினும் இதே கணக்குத்தான். ஆகவே எதை வைத்தாலும் கட்ட வேண்டும். அச்சின் மேல் மூடைகள் அடங்கும்படி பலகையால் ஒரு சட்டம் அடித்து, பெட்டியின் கொளுக்கிகளோடு இறுக்குப் பட்டியால் பிணைப்பது நல்ல முறை. சாதாரணக் கயிறு குளிரிலும் ஈரத்திலும் தளர்ந்துவிடும்.

மனிதரைப் பாரமாக ஏற்றவே கூடாது. எமது ஊரில் பிக்கப்பின் பின்னே ஆட்கள் ஏறிச் செல்வது பழகிப்போன காட்சி. வழுக்கும் வீதியில், கட்டப்படாத கல்லுக்கு நேர்வதுதான் அவர்களுக்கும் நேரும்.

முதலில் ரயர்

மேலே சொன்ன கணக்கை மீண்டும் எடுப்போம். நிறையை மாற்றாமல், நல்ல பனிக்கால ரயரினால் உராய்வுக் குணகம் 0.2 இலிருந்து 0.3 ஆக உயர்ந்ததென்று கொள்வோம். அப்போது மூடையே இல்லாத வாகனம் 100 மீற்றருக்கு 12.6 மீற்றர் உயரும் சரிவில் ஏறும். 150 கிலோகிராம் மணல் தந்தது 9.2. அதுமட்டுமன்று. மணல் நிற்பதற்கு உதவவில்லை, ரயர் உதவும். திரும்புவதற்கும் உதவும்.

சாதாரண ரயரின் இறப்பர் ஏறக்குறைய 7 பாகை செல்சியசுக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். பனிக்கால ரயரின் இறப்பர் குளிரிலும் மெதுவாக இருக்கும்படி செய்யப்படுகிறது. மூன்று சிகர மலையும் அதனுள் பனித்துகளும் உள்ள அடையாளம் அதன் பக்கத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். கியூபெக் மாகாணம் 2008ஆம் ஆண்டு முதல் பனிக்கால ரயரைச் சட்டமாக்கியுள்ளது. 2019 முதல் அக்காலம் டிசெம்பர் 1 தொடக்கம் மார்ச் 15 வரை. ஒன்ராறியோவில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆனால் 2016 ஜனவரி 1 முதல் பனிக்கால ரயர் பூட்டியவர்களுக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு உண்டு. நான்கு சில்லுகளுக்கும் பூட்ட வேண்டும். பின்சில்லுகளுக்கு மாத்திரம் பூட்டினால், கற்களைப் பின்னே அடுக்கிய கதையாகிவிடும்.

ஆக, ஒழுங்கு இதுதான்: முதலில் வேகம் குறைத்தல், அடுத்து ரயர், அதன் பின்னரே மணல்.

எமது வயலுக்கும் இதே பாடம்

இச்செய்தி தூரதேசத்துக்கு மட்டும் உரியதன்று. மட்டப்பலகையில் ஆள் ஏறி நிற்பதும், நிறை வேண்டிய இடத்தில் நிறையை வைக்கும் அதே அறிவுதான். உழவு இயந்திரத்தின் பின்ரயர்களில் நீர் நிரப்புவதும் அதற்காகவே. வால்வை மேலே வரும்படி நிறுத்தி, அந்த மட்டம் வரை நிரப்பினால் ரயரின் முக்காற்பங்கு நீராகும். மீதியிடம் காற்றுக்கு. குளிர்நாடுகளில் அந்நீர் உறையாதிருக்க உப்பு வகை ஒன்றைக் கரைக்கிறார்கள். எமக்கு அது தேவையில்லை.

ஆயினும் ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. இறுகிய பனியிலும் காய்ந்த மண்ணிலும் நிறை பிடிப்பைத் தரும். ஆழச் சேற்றில் நிறை புதைக்கும். அங்கே வேண்டியது அகன்ற, சேற்றை வாரிப் பிடிக்கும் இரும்புச் சில்லு. இன்னுமொன்று: பெட்டியில் பாரத்தோடு குளக்கட்டு ஏறும் உழவு இயந்திரத்தின் முன்சில்லுகள் நிலத்தை விட்டு எழுவதைப் பலரும் கண்டிருப்போம். அது அந்த ஏறுபலகைக் கணக்கேதான். இணைப்பைத் தாழ்த்தி, பாரத்தைக் குறைத்து, முன்பக்கத்துக்குரிய நிறைகளைப் பூட்டியே ஏற வேண்டும். இயந்திரம் பின்னே மல்லாந்தால் சாரதி குதிக்க நேரம் இராது.

அந்த இளைஞர் இப்போது ஆறு மணல் பைகளை அச்சுக்கு மேல் கட்டி வைத்திருக்கிறார். நான்கு ரயர்களையும் மாற்றிவிட்டார். இறக்கத்தில் மெதுவாகச் செல்கிறார். அண்மையில் ஊரிலிருந்து போய்ச் சேர்ந்த இருவருக்கு, முதற் பனி விழுமுன்னர் வெறும் வளவொன்றில் மெல்ல ஓட்டி, பனி விழுந்த பின் அதே வளவில் ஓட்டி, இரண்டு தூரங்களையும் காலடியால் அளந்து காட்டியதாகத் தந்தையிடம் சொன்னாராம். உங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவர் அங்கே சாரதி ஆசனத்தில் அமரப்போகிறார் என்றால், அடுத்த முறை பேசும்போது இதையும் சொல்லுங்கள்.